உறைந்த சேவல் விந்தைக் கெடாமல் காப்பது எப்படி?

முதலில் உயிர்த்தது சேவலின் விந்துதான்

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது கிராமத்துக்குப் பழகிய காட்சி. கால்நடை மருத்துவர் திரவ நைட்ரஜன் நிரம்பிய குடுவையைத் திறந்து, மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் சில நொடி வைத்து இளக்கி, பசுவுக்குச் செலுத்துகிறார். அந்தக் குச்சிக்குள் இருப்பது உறைவிந்து. அதைத் தந்த காளை எங்கோ ஒரு பண்ணையில் இருக்கலாம்; பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்தும் போயிருக்கலாம். ஆனால் கோழிக்கு இப்படி உறைவிந்து கொண்டுவந்து போட்டதாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தாய்க்கோழிகளைக் கூண்டில் வளர்க்கும் பண்ணைகளில் செயற்கைக் கருவூட்டல் உண்டு. மார்பு பெருத்து இயல்பாக இணைசேர முடியாமல் போன வணிக வான்கோழிகளுக்கு அதை விட்டால் வழியே இல்லை. ஆனாலும் அங்கெல்லாம் பயன்படுவது அப்போது எடுத்த புதிய விந்துதான்.

வரலாற்றைப் பார்த்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். உறைநிலைக்கு மிகக் கீழே குளிர்ந்து, மீண்டும் நன்றாக நீந்திய முதல் விந்தணுக்கள் சேவலுடையவை. லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் கிறிஸ்டோஃபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் 1949இல் இதை அறிவித்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நம்பி அவர்கள் எடுத்த பாட்டிலில் உண்மையில் கிளிசராலும் புரதமும் கலந்திருந்தன. அந்தத் தற்செயல்தான் கிளிசராலின் காக்கும் குணத்தைக் காட்டிக்கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே காளையின் உறைவிந்து உலகெங்கும் பரவியது. சேவலின் உறைவிந்து ஆய்வகங்களையும் மரபு வங்கிகளையும் தாண்டவில்லை.

வெற்றி தொடங்கிய இடத்திலேயே தேக்கம் வந்தது ஏன்? விடையின் ஒரு பகுதி சேவல் விந்தணுவின் உடற்கட்டில் இருக்கிறது. இன்னொரு பகுதி, அதன் கொழுப்பை ஆக்சிஜன் கெடுக்கும் விதத்தில் இருக்கிறது. அந்தக் கேட்டைத் தணிப்பதற்காக உறைவிக்கும் கரைசலில் சேர்க்கப்படும் பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்.

நூல் போன்ற உடல்

காளையின் விந்தணுவுக்குத் துடுப்பு போன்ற தட்டையான தலை. சேவலின் விந்தணுவோ தலை முதல் வால் வரை ஒரே நூல். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தலையின் அகலம் அந்த நீளத்தில் இருநூறில் ஒரு பங்குதான். கழுத்துக்குக் கீழே உள்ள குறுகிய நடுப்பகுதியில் சுமார் 30 மைட்டோகாண்ட்ரியாக்கள் வால் அச்சைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. நீந்தத் தேவையான ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்புகள் இவையே.

இந்த வடிவத்தால் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, உள்ளடக்கம் குறைவு, மேற்பரப்பு அதிகம். மேற்பரப்பு என்பது செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு. தாக்குதல் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. இரண்டாவது, செல்லுக்குள் திரவம் மிகக் குறைவாக இருப்பதால், பிற செல்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு நொதிகளையும் பழுதுபார்க்கும் ஏற்பாடுகளையும் சேர்த்துவைக்க இடமில்லை. முதிர்ந்த விந்தணு புதிய புரதங்களைச் செய்துகொள்வதும் இல்லை. கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

சவ்வின் சேர்மானமும் வேறு. சேவல் விந்தணுவின் சவ்வில், சங்கிலியில் பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருக்கின்றன. இவற்றுக்குப் பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் என்று பெயர். பாலூட்டிகளின் விந்தணுவில் ஒமேகா-3 வகை மிகுதி. கோழியில் ஒமேகா-6 வகையைச் சேர்ந்த, நான்கு இரட்டைப் பிணைப்புகள் உள்ள அரக்கிடோனிக் அமிலமும் அதைவிடச் சற்று நீண்ட அதன் உறவுக்கார அமிலமும் மிகுதி. இரட்டைப் பிணைப்புகள் சங்கிலியை வளைத்து, சவ்வை இளக்கமாக வைக்கின்றன. வளைந்து நெளிந்து நீந்தும் செல்லுக்கு அந்த இளக்கம் தேவை. ஆனால் ஆக்சிஜன் பற்றிக்கொள்ள மிகவும் வசதியான இடமும் அந்த இரட்டைப் பிணைப்புகளை ஒட்டித்தான் இருக்கிறது.

குளிரில் விழும் மூன்று அடிகள்

திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அந்த நிலையில் வேதிவினைகள் நடைமுறையில் நின்றுவிடுகின்றன. அங்கே விந்து ஓராண்டு கிடந்தாலும் முப்பது ஆண்டு கிடந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. கேடு நேர்வது அங்கே போகும் வழியிலும், அங்கிருந்து திரும்பும் வழியிலும்.

முதல் அடி, நீர் பனிக்கட்டியாவதால் வருவது. வெளியே உள்ள நீர் உறைய உறைய, மீதித் திரவத்தில் உப்பு செறிகிறது; செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது; செல் சுருங்குகிறது. உள்ளேயே பனிப்படிகம் உருவானால் சவ்வு கிழிகிறது. கிளிசரால், டைமெத்தில் அசிட்டமைடு போன்ற உறைகாப்பான்கள் தடுப்பது இந்த அடியைத்தான்.

இரண்டாவது அடி, குளிர்ச்சியால் சவ்வே உருமாறுவது. இளகிய நிலையில் இருந்த கொழுப்புகள் ஆங்காங்கே திட்டுத்திட்டாக இறுகுகின்றன. அயனிகளைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் இடம் பெயர்கின்றன. கால்சியம் உள்ளே கசிகிறது. சேவலின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அங்கிருந்து 5 டிகிரிக்கு இறங்குவதே ஒரு பெரிய வீழ்ச்சி.

மூன்றாவது அடி ஆக்சிஜனால் வருவது. வெளியே தெரியாமல் நடப்பதும், மற்ற இரண்டு அடிகளிலிருந்து தப்பிய விந்தணுக்களைப் பிறகு மெல்ல மெல்ல வீழ்த்துவதும் இதுதான். மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைத் தயாரிக்கும்போது எலக்ட்ரான்களைக் கைமாற்றி, கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. குளிரிலும் மறுசூட்டிலும் இந்த வரிசை குலைகிறது. வழியில் கசியும் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் அரைகுறையாகப் பற்றிக்கொள்கிறது. அப்படி உருவாகும் நிலையற்ற, எதையும் தாக்கத் துடிக்கும் ஆக்சிஜன் வகைகளை இந்த அத்தியாயம் ‘துடி ஆக்சிஜன்’ என்று குறிக்கிறது. சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ஆகியவை இதன் முக்கிய வகைகள். மூன்றிலும் கொடியது ஹைட்ராக்சில். ஹைட்ரஜன் பெராக்சைடு தனித்த இரும்பு அயனியைச் சந்திக்கும் இடத்தில் அது பிறக்கிறது.

கொழுப்பு சிக்கடிக்கும் கதை

பழைய கடலை எண்ணெயில் சிக்கு வாடை வீசுவது எதனாலோ, அதே வேதியியல்தான் விந்தணுச் சவ்விலும் நடக்கிறது. எண்ணெய்ச் சட்டியில் மாதக்கணக்கில் நடப்பது இங்கே நிமிடங்களிலும் மணிகளிலும் நடந்துவிடுகிறது.

அதன் படிகள் இவை. ஒரு ஹைட்ராக்சில், கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிடுங்குகிறது. ஹைட்ரஜனை இழந்த இடத்தில் அக்கம்பக்கத்து ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. இப்போது அந்தக் கொழுப்பு அமிலமே ஒரு தாக்குதல்காரனாகிறது. தன் இழப்பை ஈடுசெய்ய பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த அது அடுத்ததைத் தாக்குகிறது. ஒரே ஒரு பொறி, தொடர்ந்து பல மூலக்கூறுகளைக் கெடுத்துவிடுகிறது. இதற்குக் கொழுப்புப் பெராக்சைடாக்கம் என்று பெயர்.

கெட்ட சங்கிலிகள் உடைந்து சிறு துண்டுகளாகின்றன. அவற்றில் ஒன்று மாலோன்டையால்டிஹைடு. இது தானே நச்சு. புரதங்களோடும் டிஎன்ஏவோடும் ஒட்டிக்கொண்டு அவற்றைப் பாழாக்குகிறது. ஆனால் ஆய்வாளருக்கு அது துப்பும் கூட. ஒருவகை அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ, கேடும் அவ்வளவு நடந்திருக்கிறது என்று அளவிடலாம். கோழி விந்தில் இந்தக் கேடு நடப்பதும், அது கூடக்கூட விந்தணுவின் ஓட்டமும் கருவூட்டும் திறனும் குறைவதும் 1970களிலும் 1980களிலும் வெளிவந்த ஆய்வுகளால் தெளிவாயின.

சவ்வு கெட்டால் மூன்று விளைவுகள் வரிசையாக வருகின்றன. இளக்கம் குறைந்து வால் விறைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஓட்டையாகி ஆற்றல் வற்றுகிறது. அது மேலும் துடி ஆக்சிஜனைக் கசியவிடுகிறது. கடைசியாக, முட்டையின் உறையைத் துளைக்க உதவும் தலை நுனிப் பை முன்கூட்டியே வெடித்துவிடுகிறது. அப்படிப்பட்ட விந்தணு முட்டை வரை போனாலும் பயனில்லை.

இயற்கை வைத்திருக்கும் காவல்

இதே விந்தணு பெட்டைக்கோழியின் உடலுக்குள் 41 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்கள் உயிரோடு இருக்கிறது. வான்கோழியில் இது பத்து வாரம் வரைகூட நீள்கிறது. பெட்டையின் கருப்பையும் பிறப்புக் குழாயும் சேரும் இடத்தில் உள்ள நுண்ணிய சேமிப்புக் குழாய்களில் அவை தங்கியிருந்து, நாளுக்கொரு முட்டைக்குச் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. ஒரு முறை இணைசேர்ந்த பெட்டை பல நாள் தொடர்ந்து கரு கூடிய முட்டைகளை இடுவது இதனால்தான். வெளியே எடுத்து வைத்தால் சில மணி நேரத்தில் சாகும் செல், உள்ளே வாரக்கணக்கில் வாழ்கிறது என்றால், அங்கே பலமான காவல் இருக்க வேண்டும்.

காவல் பல அடுக்கானது. முதல் அடுக்கு நொதிகள். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி, சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதைக் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி நீராக்கிவிடுகிறது. இரண்டாவது நொதி வேலை செய்ய செலினியம் என்ற தாது வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி, கோழி விந்தில் மிகச் சொற்பம். இரண்டாம் அடுக்கு, சவ்வுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் வைட்டமின் ஈ. மூன்றாம் அடுக்கு, விந்துத் திரவத்தில் கரைந்துள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளூட்டாதயோன் போன்றவை.

உறையவைக்கும் வேலை இந்தக் காவலைக் கலைத்துவிடுகிறது. சேவல் ஒரு முறைக்குத் தரும் விந்து கால் மில்லிலிட்டரை ஒட்டியது. ஆனால் ஒரு மில்லிலிட்டருக்கு 300 கோடி முதல் 700 கோடி வரை விந்தணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. அதைக் குச்சியில் அடைக்கும் முன், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்ப்புக் கரைசலால் சில மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கும்போது விந்துத் திரவத்தின் தடுப்பான்களும் அதே மடங்கில் நீர்த்துப்போகின்றன. குளிர்ந்த கரைசலில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரைகிறது. உடைந்த செல்களிலிருந்து நொதிகள் வெளியே ஒழுகுகின்றன. தாக்குதல் கூடும் நேரத்தில் காவல் குறைகிறது. இழந்த காவலை வெளியிலிருந்து நிரப்பலாம் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது.

வெளியிலிருந்து சேர்க்கும் தடுப்பான்கள்

இதுவரை சோதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் நீளமானது. வேலை செய்யும் இடத்தை வைத்து அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை கொழுப்பில் கரைபவை. வைட்டமின் ஈ, தக்காளியின் செந்நிறத்துக்குக் காரணமான லைக்கோபீன் ஆகியவை இதில் அடங்கும். இவை சவ்வுக்குள் நுழைந்து, சங்கிலி வினை நடக்கும் இடத்திலேயே அதை அறுக்கின்றன.

இரண்டாம் வகை நீரில் கரைபவை. குளூட்டாதயோன், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம், டாரின், கேட்டலேஸ் போன்ற நொதிகள் ஆகியவை. இவை செல்லுக்கு வெளியே திரவத்தில் நின்று, துடி ஆக்சிஜன் சவ்வை அடையுமுன் அதைத் தணிக்கின்றன. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் முதலிய தாவரப் பொருள்களும் சேவல் விந்தில் சோதிக்கப்பட்டிருக்கின்றன. இவை நீருக்கும் கொழுப்புக்கும் இடைப்பட்ட குணமுடையவை.

மூன்றாம் வகை மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைப்பவை. எல்-கார்னிட்டின், கோஎன்சைம் க்யூ10 போன்றவை ஆற்றல் தயாரிப்புக்கும் துணைசெய்து, கசிவையும் குறைக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் சேர்க்கப்படுகின்றன.

எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு போவதைவிட, அதிகம் ஆராயப்பட்ட வைட்டமின் ஈயை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று படிப்படியாகப் பார்ப்பது தெளிவு தரும்.

ஒரு சோதனை, தொடக்கம் முதல்

வைட்டமின் ஈ மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு நீண்ட வால். வால் கொழுப்பில் கரைவதால் சவ்வுக்குள் செருகிக்கொள்கிறது. தலை சவ்வின் ஓரத்தில் நிற்கிறது. தாக்கவரும் கொழுப்பு அமிலத்துக்குத் தன் தலையிலுள்ள ஹைட்ரஜனை அது கொடுத்துவிடுகிறது. பக்கத்துக் கொழுப்பிடம் பிடுங்குவதைவிட இந்தக் கைமாற்றம் பல மடங்கு வேகமானது. ஹைட்ரஜனை இழந்த வைட்டமின் ஈ அடுத்தவரைத் தாக்குவதில்லை, சாதுவாக நிற்கிறது. சங்கிலி அங்கே அறுபடுகிறது. வெளியே வைட்டமின் சி இருந்தால், அது தன் ஹைட்ரஜனைக் கொடுத்து வைட்டமின் ஈயைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சவ்வில் பல நூறு கொழுப்பு மூலக்கூறுகளுக்கு ஒரு வைட்டமின் ஈ என்ற விகிதமே போதுமானதாக இருப்பது இந்த மீட்பினால்தான்.

சோதனைக்குப் பத்துச் சேவல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதுகையும் அடிவயிற்றையும் நீவி விந்து எடுக்கும் முறை 1930களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் பரோஸ், க்வின் என்ற இருவரும் வகுத்தது. இன்றும் அதுவே வழக்கம். எடுக்கும்போது எச்சம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேவலுக்கு 0.3 மில்லிலிட்டர் கிடைத்தால் மொத்தம் 3 மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 400 கோடி விந்தணு என்றால் மொத்தம் 1,200 கோடி. ஒரு சேவலுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இயல்பான வேறுபாடு முடிவைக் குழப்பாதபடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிறார்கள்.

கலந்த விந்து ஐந்தாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பங்கிலும் 0.6 மில்லிலிட்டர், 240 கோடி விந்தணு. மூன்று பங்குகளுக்குக் குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்று அளவுகளில் வைட்டமின் ஈ. நான்காவது பங்குக்கு எதுவும் இல்லை. ஐந்தாவது பங்கு ஏன்? வைட்டமின் ஈ நீரில் கரையாது. எத்தனால் போன்ற ஒன்றில் கரைத்துத்தான் சேர்க்க முடியும். அந்தக் கரைப்பானே விந்தணுவைப் பாதிக்கலாம். எனவே ஐந்தாவது பங்குக்கு வைட்டமின் இல்லாத வெறும் கரைப்பான். இந்த ஒப்பீட்டை விட்டுவிட்ட சோதனையில், கெடுதி வைட்டமினால் வந்ததா கரைப்பானால் வந்ததா என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு பங்கோடும் நான்கு மடங்கு நீர்ப்புக் கரைசல் சேர்ந்து 3 மில்லிலிட்டர் ஆகிறது. அதை 5 டிகிரிக்கு மெதுவாகக் குளிர்வித்து, உறைகாப்பானாக டைமெத்தில் அசிட்டமைடு கலந்து, கால் மில்லிலிட்டர் குச்சிகளில் நிரப்பினால் பங்குக்கு 12 குச்சிகள். ஒரு குச்சியில் 20 கோடி விந்தணு. பசுவுக்குப் போடும் குச்சியில் 2 கோடி அளவே போதும்; கோழிக்குப் பத்து மடங்கு தேவைப்படுகிறது. குச்சிகள் திரவ நைட்ரஜனின் ஆவியில் சில நிமிடம் இருந்தபின் உள்ளே அமிழ்த்தப்படுகின்றன.

கிளிசராலுக்குப் பதில் இங்கே டைமெத்தில் அசிட்டமைடு வந்ததற்குக் காரணம் உண்டு. கிளிசரால் சேவல் விந்தணுவை நன்றாகவே காக்கிறது. ஆனால் அது கலந்த விந்தைப் பெட்டைக்குச் செலுத்தினால் கரு கூடுவதில்லை. செலுத்துமுன் 5 டிகிரிக் குளிரிலேயே அதைக் கவனமாக நீக்கியாக வேண்டும். அந்த வேலையிலேயே பல விந்தணுக்கள் போய்விடுகின்றன. பண்ணைக்குச் சேவலின் உறைவிந்து வராததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

குச்சிகளை இளக்கியபின், பங்குக்கு இரண்டு குச்சிகள் ஆய்வகத்துக்குப் போகின்றன. நுண்ணோக்கியில் எத்தனை நீந்துகின்றன, எத்தனை நேராக முன்னேறுகின்றன என்று கணினி எண்ணுகிறது. இறந்த விந்தணுவுக்குள் மட்டும் நுழையும் சாயம் கொண்டு உயிருள்ளவை பிரிக்கப்படுகின்றன. மாலோன்டையால்டிஹைடு அளக்கப்படுகிறது. மீதிப் பத்துக் குச்சிகள் பத்துப் பெட்டைகளுக்கு.

அளவு மிஞ்சினால்

வைட்டமின் ஈ ஆனாலும், கேட்டலேஸ் ஆனாலும், தாவரப் பொருள்கள் ஆனாலும், பெரும்பாலான ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒரே வடிவம்: குறைந்த அளவில் பயன் தெரிவதில்லை, நடுத்தர அளவில் ஓட்டமும் உயிர்ப்பும் கூடி, மாலோன்டையால்டிஹைடு குறைகிறது, அளவு கூடினால் பயன் மறைந்து கேடு தொடங்குகிறது.

இதற்குக் காரணங்கள் பல. மிகுதியான வைட்டமின் ஈ, மீட்டெடுக்க ஆளில்லாத நிலையில், தானே ஹைட்ரஜன் பிடுங்கும் பொருளாக மாறலாம். வைட்டமின் சி தனித்த இரும்பு அயனியோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் உருவாவதையே தூண்டும். சவ்வுக்குள் அளவுக்கு மீறிய அன்னியப் பொருள் திணிக்கப்பட்டால் அதன் இளக்கம் மாறும். துடி ஆக்சிஜன் முழுக்க எதிரியும் இல்லை. சிறு அளவில் அது செல்லுக்குள் செய்தி கடத்தும் வேலையைச் செய்கிறது. அதை அடியோடு துடைத்துவிட்டால் செல்லின் ஒழுங்கான வேலைகளும் தடைபடும்.

சரியான அளவு என்று எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணும் கிடையாது. விந்தின் செறிவு, சேவலின் இனம், வயது, தீவனம், நீர்ப்புக் கரைசலின் சேர்மானம், உறைகாப்பான் ஆகியவற்றைப் பொறுத்து அது நகர்கிறது. ஓர் ஆய்வகத்தின் சிறந்த அளவு இன்னோர் ஆய்வகத்தில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

தீர்ப்புச் சொல்வது பெட்டைக்கோழி

கண்ணாடித் தகட்டில் நன்றாக நீந்தும் விந்தணு, முட்டையில் கரு கூட்டும் என்பதற்கு உறுதியில்லை. அது பெட்டையின் பாதையில் மேலேறி, சேமிப்புக் குழாயில் இடம் பிடித்து, நாள்கணக்கில் தாங்கி, மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள உறையைத் துளைக்க வேண்டும். உறைந்து இளகிய விந்தணுக்கள் சேமிப்புக் குழாயில் தங்கும் காலம் புதியவற்றைவிடக் குறைவு. அதனால் வாரம் இருமுறை செலுத்த வேண்டியிருக்கிறது. செலுத்தும் நேரமும் முக்கியம். பெட்டையின் வயிற்றில் ஓடு கட்டிய முட்டை இருந்தால் பாதை அடைபட்டிருக்கும். ஆகவே அன்றைய முட்டைகள் இட்டு முடிந்த பிற்பகலில்தான் கருவூட்டுகிறார்கள்.

செலுத்திய இரண்டாம் நாள் முதல் முட்டைகளைச் சேகரித்து அடைகாக்கும் கருவியில் வைத்து, ஒரு வாரம் கழித்து விளக்கொளியில் பார்த்தால் கரு கூடியது எது, கூமுட்டை எது என்று தெரிந்துவிடும். இன்னும் நுட்பமான வழியும் இருக்கிறது. பறவை முட்டையின் உறையை ஒரே நேரத்தில் பல விந்தணுக்கள் துளைக்கின்றன. கரு வளரத் தொடங்கும் புள்ளியான கருத்தட்டுக்கு மேலே உள்ள உறையை உரித்து, நுண்ணோக்கியில் துளைகளை எண்ணினால், எத்தனை விந்தணுக்கள் அதுவரை வந்து சேர்ந்தன என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்கும்.

இங்கே எண்ணிக்கைச் சிக்கல் ஒன்று உண்டு. பத்துப் பெட்டைகள் வாரத்துக்கு ஐந்து முட்டை வீதம் இட்டால் பங்குக்கு 50 முட்டைகள். தடுப்பான் இல்லாத பங்கில் 20 முட்டைகளும், தடுப்பான் சேர்த்த பங்கில் 25 முட்டைகளும் கரு கூடியதாகக் கொள்ளலாம். 40 சதவீதம், 50 சதவீதம் என்று எழுதினால் பெரிய முன்னேற்றமாகத் தோன்றும். ஆனால் 50 முட்டைகளில் ஐந்து முட்டை வேறுபாடு வெறும் தற்செயலாலும் எளிதில் வரும். அது உண்மையான வேறுபாடுதான் என்று சொல்லப் பங்குக்குச் சில நூறு முட்டைகள் வேண்டும். அதற்குப் பல வாரங்கள், பல பெட்டைகள், பல முறை புதிதாக உறையவைத்த விந்து வேண்டும். இந்தச் செலவின் காரணமாக, ஓட்டத்தையும் மாலோன்டையால்டிஹைடையும் அளந்ததோடு நின்றுவிடும் ஆய்வுகள் அதிகம். அத்தகைய முடிவுகளை நம்பிக்கை தரும் அறிகுறி என்று கொள்ளலாம். நிரூபணம் என்று கொள்ளக் கூடாது.

தீவனத்தின் வழியே

கரைசலில் சேர்ப்பது ஒரு வழி. சேவலின் தீவனத்தில் சேர்ப்பது இன்னொரு வழி. வைட்டமின் ஈயைச் சேவல் தானே செய்துகொள்ளாது. தீவனத்திலிருந்துதான் பெற வேண்டும். தீவனத்தில் அதைக் கூட்டினால் விந்தில் அதன் அளவு கூடுகிறது. செலினியம் கூட்டினால் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியின் செயல் கூடுகிறது. இந்த வழியில் வைட்டமின், விந்தணு உருவாகும்போதே சவ்வில் தனக்குரிய இடத்தில் சேர்ந்துவிடுகிறது. கரைப்பான் தொல்லை இல்லை. பலன் தெரியச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

தீவனத்தில் மீன் எண்ணெய் சேர்த்துச் சவ்வின் கொழுப்புச் சேர்மானத்தையே மாற்றும் முயற்சிகளும் நடந்துள்ளன. அப்போது இரட்டைப் பிணைப்புகள் மேலும் கூடுவதால், வைட்டமின் ஈயையும் சேர்த்தே கூட்ட வேண்டியிருக்கிறது. கொழுப்பை மாற்றிவிட்டுக் காவலை மாற்றாமல் விட்டால் நிலைமை முன்னைவிட மோசமாகும்.

இவ்வளவு பாடு எதற்கு?

காளை ஒரு முறை தரும் விந்திலிருந்து சில நூறு குச்சிகள் நிரப்பலாம். மேலே கண்ட கணக்கில், சேவல் ஒரு முறை தருவது ஆறு குச்சிகளுக்கே போதும். சேவல் வளர்ப்பதும் மலிவு. ஆகவே அன்றாட வணிகப் பண்ணைக்கு உறைவிந்து லாபமான வழி ஆகாது. அதன் உண்மையான இடம் மரபு வங்கி.

கோழி இனங்கள் பல அருகிவருகின்றன. ஒரு பறவைக் காய்ச்சல் ஓர் அரிய இனத்தின் கடைசி மந்தையை ஒரே வாரத்தில் அழித்துவிடலாம். பறவையின் முட்டையோ பெரிய மஞ்சள் கருவோடு இருப்பதால் உறையவைக்க முடியாது, கருவையும் அப்படியே. சேமிக்க மிக எளிதாகக் கிடைப்பது விந்துதான். அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸிலும், பிரான்சின் தேசிய உறைவங்கியிலும் கோழி விந்து சேமிக்கப்படுகிறது. இந்தியாவில் ஹைதராபாதில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் நிக்கோபாரி உள்ளிட்ட உள்நாட்டுக் கோழிகளின் விந்தை உறையவைக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கிறது.

சேமித்த விந்திலிருந்து இனத்தை மீட்பது ஒரே தலைமுறையில் முடிவதில்லை. வேறு இனப் பெட்டைக்குச் செலுத்தினால் முதல் தலைமுறையில் பாதி மரபு மட்டுமே பழைய இனத்துடையது. அந்தக் குஞ்சுகளில் பெட்டைகள் வளர்ந்ததும் அவற்றுக்கு மீண்டும் அதே உறைவிந்து. இரண்டாம் தலைமுறையில் 75 சதவீதம், மூன்றாவதில் 87.5, நான்காவதில் சுமார் 94, ஐந்தாவதில் சுமார் 97. ஒவ்வொரு தலைமுறைக்கும் போதுமான குஞ்சுகள் பொரிக்க வேண்டும். குச்சிக்கு ஒன்றிரண்டு முட்டை மட்டுமே கரு கூடுமானால் வங்கியின் கையிருப்பு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். கரு கூடும் விகிதம் சிறிதளவு உயர்ந்தாலும், அதே கையிருப்பு ஒரு தலைமுறை கூடுதலாகத் தாங்கும்.

விந்தால் மீட்க முடியாதவையும் உண்டு. பறவைகளில் பெட்டைக்கு மட்டுமே உரிய டபிள்யூ குரோமோசோமும், தாய்வழியே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபும் விந்தில் இல்லை. அவற்றைக் காக்க, கருவில் இருந்து எடுக்கும் ஆதி இனச் செல்களை உறையவைக்கும் முறை வளர்ந்துவருகிறது. அதற்கு நுட்பமான ஆய்வகமும் தேர்ந்த கைகளும் வேண்டும். விந்துக் குச்சிக்கு ஒரு நைட்ரஜன் குடுவை போதும்.

ஆக, ஆக்சிஜனேற்றத் தடுப்பானின் பங்கு தெளிவானது, ஆனால் எல்லைக்குட்பட்டது. உறைதல் தரும் மூன்று அடிகளில் ஒன்றை மட்டுமே அது தணிக்கிறது. பனிப்படிகத்தை அது தடுக்காது. சவ்வு இறுகுவதையும் நிறுத்தாது. உறைகாப்பானும் குளிர்விக்கும் வேகமும் சரியாக இருந்தால்தான் அதன் உதவி கண்ணுக்குத் தெரியும். சரியான பொருள், சரியான அளவு, சவ்வில் சரியான இடம் ஆகிய மூன்றும் பொருந்தி, அது கரு கூடிய முட்டைகளின் எண்ணிக்கையிலும் தெரிந்தால் மட்டுமே ஒரு தடுப்பான் பயன்பட்டது என்று சொல்ல வேண்டும்.